அந்தப் பக்கத்துக்கு இருபது பேர்

ஒன்பது மணிக்கு ஷாட், அதற்குள் என் எண்பது பேரில் இருபது பேரை முகம் பார்த்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்த உதவி இயக்குநர் பெண் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும், நான் இன்னும் பேப்பர் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறேன். டீ ஆறி மேலே ஆடை கட்டிவிட்டது, குடிக்கவும் மனசில்லை, கொட்டவும் மனசில்லை. ஹரிணி என்று பெயர். நல்ல பெண்தான். முந்தாநாள் பெண்களுக்குக் கட்டியிருந்த கக்கூஸுக்குக் கதவே இல்லை என்று நான் போட்ட சத்தத்தில் புரொடக்‌ஷன் மானேஜர் ஓடிப்போய்க் கதவு மாட்டினானே, அப்போது என் பக்கம் பேசியது இவள்தான். ஆனால் என்னை ஆன்ட்டி என்கிறாள். துணை நடிகர்களைப் பிடித்துக் கொடுக்கிற இந்தத் தொழிலில் என்னை அக்கா என்றும் ஏஜென்ட்டம்மா என்றும் லூர்து என்றும் வாடி போடி என்றும் கூப்பிட்டிருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் திரும்பியிருக்கிறேன், ஆன்ட்டி என்றால் மட்டும் பக்கத்தில் நிற்கிற யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. "லுக் வைஸ் பிரிச்சுடுங்க ஆன்ட்டி. கொடி ஏத்துற கூட்டம் அறுபது, அதை இறக்க வர்ற கூட்டம் இருபது, லேடீஸும் கலந்து. ஃபிரேம்ல பார்த்த உடனே தெரியணும், யார் நம்ம ஆளுங்க, யார் அவங்கன்னு." "அவங்கன்னா யாரும்மா?" என்றேன். "அவங்கதான் ஆன்ட்டி." "அதான் யாருன்னு கேக்கறேன். ஜமீன் ஆளா, வெள்ளைக்காரன் ஆளா, யாரு?" அவள் கையிலிருந்த டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், அதில் எழுதியிருக்கும் என்பதுபோல. "கதையில பேர் சொல்லலை. பேர் சொன்னா சென்சார்ல பிரச்னை ஆகும். முகத்துல இருந்தா போதும்னு டைரக்டர் சொல்றார்." பேர் கிடையாது, முகத்தில் மட்டும் இருக்க வேண்டும். அப்புறம் அவள் சுற்றிப் பார்த்தாள், இட்லித் தட்டோடு நிழல் தேடிப் போய்க்கொண்டிருந்த மதார் அண்ணனை விரலால் காட்டினாள். "எக்சாம்பிளுக்கு, அந்த அங்கிள் மாதிரி."

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. வரவில்லை. எதற்கெல்லாம் எனக்குக் கோபம் வரும் என்று வடபழனியிலிருந்து போரூர் வரை எல்லாக் கம்பெனிக்கும் தெரியும். சாப்பாட்டுப் பொட்டலத்தில் முட்டை இல்லை என்று ஒரு மானேஜருடைய நாற்காலியைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருக்கிறேன், செட்டுக்காகக் கட்டின கிணறு, இரண்டடி ஆழம், ஆனாலும் நாற்காலி உடைந்தது. மழை சீன் என்று சாக்கடை நாறுகிற லாரித் தண்ணீரை என் பெண்கள் மேல் பீய்ச்ச வந்தவனை அதே குழாயைப் பிடுங்கி அவனையே நனைத்திருக்கிறேன். அதெல்லாம் கையில் பிடித்துப் பேசக்கூடிய விஷயம். முட்டை உண்டா இல்லையா, நிழல் உண்டா இல்லையா. நீ ஒன்று சொல்லு, நான் ஒன்று சொல்கிறேன், நடுவில் எங்கேயாவது நிற்போம். என்னை வளர்த்ததே இந்த நடுவில் நிற்கிறதுதான், படிப்பா வளர்த்தது, மூன்றாம் வகுப்போடு பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டாயிற்று. இதில் எங்கே நடுவில் நிற்பது? இருபது வேண்டாம் பதினைந்து முகம் எடுத்துக்கொள் என்றா? முடியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் சாயங்காலத்துக்குள் தாமோதரன் ஏஜென்ட் எண்பது பேரை பஸ்ஸில் ஏற்றிவிடுவான், நாற்பது நாள் வேலை, இந்த வருஷம் என் ஆட்களுக்குக் கிடைத்த ஒரே பெரிய படம், ஐந்து மொழியில் வருகிறதாம், செம்பரம்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் பொட்டலில் ஒரு கடைத்தெருவையே கட்டி வைத்திருக்கிறார்கள், தபால் பெட்டி, ஜட்கா வண்டி, வக்கீல் வீட்டு மாடி, எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு. தட்டிப் பார்த்தால் தெர்மகோல்.

மதார் அண்ணன் நேற்றே கேட்டுவிட்டார், அதுதான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. சாயங்காலம் பஸ் பூந்தமல்லி நெரிசலில் நின்றபோது பின்சீட்டிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "லூர்து, நாளைக்கு ரெண்டு கூட்டமாமே." "ஆமாண்ணே." "என்னை அந்தப் பக்கம் மட்டும் போட்டுடாத." முப்பத்தைந்து வருஷத்தில் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. வெயிலில் நிற்கவைத்தால் நிற்பார், சாகச் சொன்னால் சாவார், நாட்டுக்காக மட்டும் பதினோரு தடவை செத்திருக்கிறார், தடியடியில் ஆறு, துப்பாக்கிச் சூட்டில் நாலு, ஒரு தடவை குதிரை மிதித்து. ஒருமுறை துப்பாக்கிச் சூட்டுக் காட்சியில் போலித் தோட்டா என் காதுக்கு அருகே வெடித்து ரத்தம் வந்தபோது, என்னைத் தூக்கிக் காய்கறி லாரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர், வெள்ளைக் கதர் முழுக்க என் ரத்தத்தோடு, வழியில் போலீஸ்காரன் நிறுத்தி யாரைய்யா வெட்டினே என்று கேட்டானாம். இந்த இடது காது அன்றிலிருந்து பாதிதான். அவர் வலது பக்கம் உட்கார்ந்ததால் கேட்டது. போன வருஷம் வந்த ஒரு படத்தில் மூன்று செகண்டு வந்தார், தண்டவாளத்தின் ஓரம் பையை வைத்துவிட்டு எழுந்து நடக்கிறவர், அவ்வளவுதான். நான்தான் அனுப்பினேன். ஒரு ஆள் வேண்டும், தாடி இருந்தால் நல்லது என்றார்கள், அனுப்பினேன், சாயங்காலம் நாலு மணிக்கே வேலை முடிந்ததே என்று சந்தோஷப்பட்டேன். அவர் பேரன் இர்ஃபான் ஏழாவது படிக்கிறான், அவன் வகுப்பில் எவனோ அந்த மூன்று செகண்டைப் போனில் வெட்டி எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். "இப்ப அவன் ஸ்கூல் பையை கிளாஸ்ல கீழ வெச்சா பசங்க எழுந்து ஓடறாங்களாம், லூர்து. விளையாட்டுக்குத்தான். ஆனா தெனம் ஓடறாங்க. பேசாம என்கூட வராத தாத்தான்னு சொல்லிட்டான்." அதைச் சொல்லும்போது சிரித்தார். நான் சரி என்று தலையாட்டினேனா, பார்க்கலாம் என்றேனா, பஸ் நகர்ந்துவிட்டது.

நாட்டுக்கு அந்தந்த வருஷம் என்ன பயம், என்ன ஆசை என்று பேப்பர் படிக்கிறவர்களைக் கேட்பார்கள், என்னைக் கேட்டிருக்கலாம். கம்பெனியிலிருந்து என்ன கூட்டம் கேட்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். நான் வந்த புதிதில் எல்லாரும் கிராமத்தான் கேட்டார்கள், திருவிழா, நடவு, குடம். பதினேழு வயசில் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து நிஜமாகவே நாற்று நட்ட கையோடு வந்தவள் நான், டான்ஸ் மாஸ்டர் என்னைப் பார்த்து ஏம்மா இப்படியா நடறது, அழகா நடு என்றார், அன்றைக்குத்தான் தெரிந்தது நாங்கள் அதுவரை அசிங்கமாக நட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் வேலை கிடைக்காத பட்டதாரிக் கூட்டம், ஜோல்னாப் பை, தாடி, அப்போது தாடி என்றால் படித்தவன். நீளமான வரிசையில் நிற்பார்கள், ஹீரோ வரிசையை உடைத்துக்கொண்டு போய் ஆபீசரை அறைவான். அப்புறம் குண்டு வைக்கிறவன். அந்த வருஷங்களில் தாடிக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது, ஒரே ஒட்டுத் தாடிதான், மதார் அண்ணன் இரண்டுக்கும் அதைத்தான் மாட்டினார். அப்புறம் யாருக்கும் கிராமமே வேண்டாம், ஏர்போர்ட், பெரிய கடை, கம்ப்யூட்டர் ஆபீஸ், என் ஆட்கள் கழுத்தில் ஒரு நாடாவையும் அட்டையையும் மாட்டினால் ஐ.டி. கம்பெனி, கழற்றினால் பஸ் ஸ்டாண்டு. அந்தக் காலத்தில் கறுப்பாக இருக்கிற பெண்களைப் பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். அப்புறம் ஒரு நாள் புதுசாகச் சில இயக்குநர்கள் வந்து மேக்கப்பே வேண்டாம், ஒரிஜினல் முகம் வேண்டும் என்றார்கள், எங்கள் கிரேஸி பத்து வருஷமாகக் கிரீம் பூசிக் கொஞ்சம் வெளுத்திருந்தாள், நீ ரொம்ப சினிமா மாதிரி இருக்கே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவள் மேக்கப் ரூமில் உட்கார்ந்து அழுதாள், அழுதது முழுக்க இங்கிலீஷ் பெயர் போட்ட அந்தக் கிரீமைத் திட்டித்தான். இப்போது ஐந்து மொழிக்கும் ஒரே கூட்டம். பார்த்தால் இந்தியா மாதிரி இருக்க வேண்டும் என்று போனில் சொன்னார்கள். இந்தியா மாதிரி என்றால் எப்படி என்று கேட்டேன். நீங்க அனுப்புங்க, நாங்க பார்த்துக்கறோம் என்றார்கள்.

ஆனாலும் ஒன்று இருந்தது. யார் எந்தப் பக்கம் என்பது துணியில்தான் இருந்தது. காலையில் மேல்துண்டு கட்டிக் கல் எறிகிறவன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு அதே கல்லில் அடிபடுவான். ஆள் பத்தாதபோது நாங்கள் எப்போதும் செய்கிறது, திருப்பிப் போடுகிறது என்போம். காலை போலீஸ், மதியம் பொதுஜனம். எறிந்தவனே மண்டையைப் பிடித்துக்கொண்டு விழும்போது எங்களுக்குள் சிரிப்பு தாங்காது, டேய் நீ எறிஞ்சது உன் மேலேயே விழுந்துச்சுடா என்பார்கள். யாருக்கும் ஒரு பக்கம் கிடையாது. இதை நினைத்தால் நியாயமாக இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை, எனக்கே தெரிகிறது. முகம் பார்த்துப் பிரிக்கிறதை நேற்று ஹரிணியா கண்டுபிடித்தாள்? விடியற்காலையில் வரிசையாக நிற்கவைத்து, நீ ரிச்சு, நீ கிரவுடு, நீ ரிச்சு, நீ கிரவுடு என்று நான் வந்த புதிதில் விரலை நீட்டின முத்துக்கறுப்பன் ஏஜென்ட் இதைத்தானே செய்தான். கல்யாண மண்டபத்தில் சோபாவில் உட்கார்கிறது ரிச்சு, பந்திக்கு ஓடுகிறது கிரவுடு. என்னிடம் வரும்போது அந்த விரல் நிற்கக்கூட இல்லை. கிரவுடு. அந்த விரலை வெட்ட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன், ஆறு வருஷத்தில் அதே விரல் என் கையில் முளைத்துவிட்டது. நானும் வரிசையில் நிறுத்தி நீ ரிச்சு நீ கிரவுடு என்றவள்தான், முகம் வாடுகிறதைப் பார்த்தும் அடுத்த ஆளுக்குப் போனவள்தான். அப்போது பிரித்தது பந்திக்கும் சோபாவுக்கும். இப்போது பிரிப்பது நாட்டுக்கு உள்ளேயும் வெளியேயும். வித்தியாசம் இருக்கிறதா? இருக்கிறது. நிச்சயம் இருக்கிறது. ஆனால் சொல்லச் சொல்ல அது கொஞ்சம் குறைகிற மாதிரிதான் இருக்கிறது.

எட்டேகால். மேக்கப் ஷெட் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் மதார் அண்ணன் உட்காரப் போகிறார், முடி வெட்டுகிறவர் துண்டை உதறுகிறார். எதற்கு? கிட்டே போனால் புரிகிறது, அவர் தாடியைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எவ்வளவு என்று காட்டிக்கொண்டிருக்கிறார். அவர் மனைவி ஷகீலா அக்கா செத்த மாதத்திலிருந்து வளர்த்த தாடி. "அண்ணே, எழுந்திரிங்க." "இல்ல லூர்து, இது இல்லாட்டி நீயும் சங்கடப்பட வேணாம். அந்தப் பொண்ணு என்னைக் காட்டினத பார்த்தேன்." "எழுந்திரிங்கன்னேன்." "வளரும்மா. முடிதான." "நீங்க இப்ப எழுந்திரிக்கலைன்னா அந்தக் கத்தரிக்கோலைப் பிடுங்கி நான் என் முடியை வெட்டிக்குவேன், மொட்டைத் தலையோட நின்னு கத்துவேன், ஷூட்டிங் நிக்கும், பார்க்கறீங்களா?" முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அண்ணன் எழுந்துவிட்டார். கோபம் வந்துவிட்டது, நல்லவேளை. வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். அவர் போய் இட்லி வாங்குகிற வரிசையில் திரும்பவும் நின்றார், சாம்பார் வாங்கவில்லையாம். வரிசை நீளமாக இருந்தது. என் ஆட்கள் எல்லாரும் அதில்தான் நின்றார்கள், ஆணும் பெண்ணுமாக, ரிச்சும் கிரவுடுமாக, பசி வந்த வரிசைப்படி. அங்கேதான் எனக்குத் தோன்றியது. முகத்தைப் பார்த்துப் பிரிக்கச் சொன்னார்கள், பார்த்தேனா பார்க்கவில்லையா என்று யாருக்குத் தெரியும்? நின்றது நின்றபடி எண்ணுவோம், நாலாவது ஆள் அந்தப் பக்கம். எண்பதில் இருபது சரியாக வரும்.

"யாரும் நகரக் கூடாது, நின்ன இடத்துல நில்லுங்க!" என்று கத்தினதில் சாம்பார் ஊற்றுகிறவன் கரண்டியைத் தூக்கியபடி நின்றான். ஒன்று, இரண்டு, மூன்று, நீ வா. ஒன்று, இரண்டு, மூன்று, நீ வா. மூன்றாவது தடவை விழுந்தது பட்டாபி மேல். பட்டாபி இருபது வருஷமாகப் புரோகிதர், கல்யாண சீன் என்றால் அவர்தான் தாலி எடுத்துக் கொடுப்பார், பத்து ஹீரோவுக்குக் கட்டி வைத்தவர். "அக்கா, என்னையா? கொடிய இறக்கறவன்ல என்னையா? நன்னா பாருங்கோ." "பார்த்தாச்சு." "பூணூல் தெரியுமேக்கா." "சட்டை தருவாங்க, போட்டுக்க." வரிசையில் ஒரே சிரிப்பு. பட்டாபியே சிரித்தார். அடுத்தது பொன்னுரங்கம், அடுத்தது கிரேஸி, அடுத்தது காலேஜ் பையனாகவே நாற்பது வயசாகிவிட்ட டெல்லிபாபு. முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்துத்தான் தொட்டுக்கொண்டு போனேன். பாதி வரிசை தாண்டினபோது நிமிர்ந்துவிட்டேன், நிமிர்ந்திருக்கக் கூடாது. முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று, அதற்கு அடுத்து மதார் அண்ணன் தட்டோடு நிற்கிறார். அவரும் எண்ணிவிட்டார். தெரிகிறது, எண்ணினவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தாண்டிப் போகலாம். தாண்டினால் பட்டாபி அங்கிருந்தே கேட்பார், ஏன்க்கா, உங்க அண்ணன்னா மட்டும் ஐந்தாவதா என்று, கேட்காவிட்டாலும் நினைப்பார்கள், அப்புறம் இது எண்ணிக்கை இல்லை, முத்துக்கறுப்பன் விரல். தொடலாம். தொட்டால் அவர் ஒன்றும் சொல்லாமல் வருவார், அதுதான் மோசம். ஒன்று என்று ஒரு தோளைத் தொட்டேன். இரண்டு. இந்த மாதிரி மெதுவாக நான் எதையும் எண்ணினதில்லை. மூன்று என்றபோதுதான் அம்சவேணி ஞாபகம் வந்தாள். அவளுக்கு இன்றைக்குக் காய்ச்சல், வரவில்லை. எழுபத்தொன்பது பேர்தான் நிற்கிறார்கள். ஆள் குறைந்தால் ஏஜென்ட் தானே உள்ளே நிற்க வேண்டும், அது தொழில் முறை, எந்தக் கம்பெனியும் தலையைத்தான் பார்க்கும். "ஒரு ஆள் குறையுது, நான் நிக்கறேன்," என்று சொல்லிவிட்டு மூன்றாவது ஆளுக்கும் மதார் அண்ணனுக்கும் நடுவில் புகுந்து நின்று, நாலு என்று என் தோளை நானே தொட்டேன். அவர் இப்போது ஒன்று. எனக்குப் பின்னால் வரிசை முழுக்க ஒரு ஆள் தள்ளிப் போனது. தப்பிக்க வேண்டியவர்களில் யார் மாட்டினார்கள், மாட்ட வேண்டியவர்களில் யார் தப்பித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. எண்ணி முடித்தேன்.

எங்களுக்குக் கறுப்பும் சாம்பலுமாக அழுக்குத் துணி, தலையைச் சுற்றி ஒரு துண்டு, முகத்தில் மஞ்சள் மண்ணைப் பூசிக் கண்ணுக்குக் கீழே கரியை இழுத்தார்கள். அறுபது பேருக்கு வெள்ளை. ஹரிணி ஓடி வந்து எங்கள் இருபது பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். "ஐயோ ஆன்ட்டி, எக்ஸாக்ட்டா இதேதான்! எப்படி இவ்வளவு கரெக்டா பிக் பண்ணீங்க?" என்றாள், சொல்லும்போது பட்டாபியைப் பார்த்துத்தான் சொன்னாள். பட்டாபி என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன், பேரம் முடிந்து சாமானைக் கையில் வாங்கின மாதிரி மனசு லேசாக இருந்தது. டைரக்டர் கூடாரத்திலிருந்து வந்தார், வடக்கே இருந்து வந்தவர், மைக்கில் அவர் சொல்வதை ஹரிணி தமிழில் சொல்கிறாள். வெள்ளைக் கூட்டத்தின் முன்னால் நடந்துகொண்டே வந்தவர் மதார் அண்ணனிடம் நின்றார். "இந்தப் பெரியவர் முன்னாடி வரட்டும், கொடிமரத்துக்குப் பக்கத்துல. என்ன முகம்! நாடே எழுந்து நிக்கிற மாதிரி இருக்குன்னு சொல்றார்," என்றாள் ஹரிணி. அதே தாடி. கதர் சட்டைமேல் வெள்ளையாக இறங்கி வெயிலில் மினுங்குகிறது. இட்லித் தட்டோடு போகும்போது இவள் விரல் நீட்டின அதே தாடி, இவளும் இப்போது அப்படித்தான் என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறாள், மறந்துவிட்டதா என்று பார்த்தேன், மறக்கவில்லை, அவளுக்கு அது வேறு ஆள். அப்புறம் டைரக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். முன்வரிசைக்கு என்னைக் காட்டினார். முப்பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை ஒரு விரல் என்மேல் நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது.

வசனம் ஒரே சொல்தான். ஐந்து மொழிக்கும் வாயசைவு ஒத்துப்போக வேண்டும் என்று வெள்ளையில் நிற்கிற எல்லாரும் எங்களைப் பார்த்துக் கையை நீட்டி, போ, போ என்று கத்த வேண்டும். என்னவென்று டப்பிங்கில் பார்த்துக்கொள்வார்களாம். மதார் அண்ணன் எனக்கு நேர் எதிரே, ஒரு கை தூரம். முதல் டேக்கில் அவர், போ லூர்து வேலையைப் பார்க்கலாம் என்கிற மாதிரிச் சொன்னார். கட். "பெரியவரே, அவங்களப் பார்த்தா உங்களுக்கு வயிறு எரியணும்." இரண்டாவது டேக்கில் குரல் வந்தது, கண் வரவில்லை, என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தார். கட். டைரக்டர் ஹரிணி காதில் ஏதோ சொன்னார், அவள் பின்வரிசையில் வேறு முகம் தேட ஆரம்பித்தாள். இவ்வளவும் செய்துவிட்டு இப்படிப் போவதா? "அண்ணே," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், "கத்தப் போறீங்களா இல்லையா? வெள்ளைய உருவிட்டு உங்கள இங்க தள்ளிடுவாங்க. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது. இர்ஃபான் என்ன கதி ஆவான்னு நெனச்சுப் பாருங்க." அந்தப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது, கடைக்கு ஷட்டர் இறக்கின மாதிரி. மூன்றாவது டேக். போ என்றார். எச்சில் என் கன்னத்தில் தெறித்தது. போ. கழுத்து நரம்பு புடைத்து நின்றது. அந்தக் கண்ணுக்குள் நான் தேடினேன், லாரியில் தூக்கிப் போட்டவர் எங்கேயாவது இருக்கிறாரா என்று. போ. பின்னால் ஐம்பத்தொன்பது பேரும் அவர் குரலைப் பிடித்துக்கொண்டார்கள், என்னோடு பஸ்ஸில் வந்தவர்கள், நான் கதவு வாங்கிக் கொடுத்தவர்கள், என் பாதிக் காதிலும் முழுக் காதிலும் போ போ போ. என்னை அறியாமல் ஒரு அடி பின்னால் வைத்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. கட், கட், பிரமாதம். கை தட்டினார்கள்.

மானிட்டரில் போட்டுப் பார்த்தார்கள், எங்களையும் பார்க்க விட்டார்கள். அதில் ஒரு பொம்பளை மண்ணும் கரியுமாக நிற்கிறாள், கண்ணை உருட்டுகிறாள், பின்வாங்குகிறாள். எனக்குத் தெரியும் அது பயம் என்று. ஆனால் அங்கே அது பயமாக இல்லை, கையும் களவுமாக அகப்பட்டவள் முகமாக இருந்தது. பயந்தவள் முகமும் தப்புப் பண்ணினவள் முகமும் ஒன்றேதானா, இத்தனை வருஷம் முகத்தை வைத்துத் தொழில் பண்ணி இது தெரியாமல் போயிற்றே. என் பக்கத்தில் மதார் அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், கொடி, கொடிக்குக் கீழே அவர். "இதை இர்ஃபான் பார்ப்பான் லூர்து," என்றார், மெதுவாக, தனக்குத்தானே. "கிளாஸ்ல எல்லாரும் பார்ப்பாங்க." "பார்க்கட்டும்ணே. நல்லா செஞ்சீங்க." அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார். வேண்டுமென்று இல்லை. நான் ஹரிணியைத் தனியே இழுத்துப் போனேன். "இதோட சரி. மத்தியானத்துக்கு மேல என்னை வெள்ளைக்கு மாத்திடு. அம்சவேணி நாளைக்கு வந்துடுவா, அவளுக்கு இந்தத் துணியக் குடுத்துக்கலாம். எப்பவும் திருப்பிப் போடறதுதான்." அவள் பரிதாபமாகத்தான் பார்த்தாள். "முடியாது ஆன்ட்டி. உங்களுக்கு குளோசப் வெச்சாச்சு. முகம் பதிஞ்சிடுச்சுல்ல. இனி மிச்ச நாள் முழுக்க கன்டின்யூட்டி, நீங்க அந்தப் பக்கம்தான்." "ஒரு வார்த்தை டைரக்டர்கிட்ட கேளேன்." "கேட்டா வேற ஏஜென்ட்டைப் பார்த்துக்கறேன்னு சொல்லுவார்." நடுவில் நிற்க ஏதாவது இடம் இருக்கும், எப்போதும் இருந்திருக்கிறது. இருபதுக்கும் அறுபதுக்கும் நடுவில் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டிருந்தார்கள், கேமரா வண்டி போகிற வழி அது, அங்கே ஆள் நிற்கக் கூடாது. மைக்கில் இன்னும் ஒரு டேக், பாதுகாப்புக்கு என்றார்கள். அந்த அம்மா பின்னாடி வைத்த அந்த ஒரு அடி, அது மறுபடி வேணும், மறக்காமல் வைக்கச் சொல்லு. அவரவர் இடத்துக்குப் போனோம். மதார் அண்ணன் கொடிமரத்துக்குக் கீழே போய் நின்று, சட்டையை இழுத்துவிட்டு, தாடியை ஒருமுறை நீவிக்கொண்டு எனக்கு நேராக நிமிர்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே என் கால் பின்னால் போய்விட்டது.